மதீனா பீவி ஒட்டிய முகம்

என் சாச்சி மதீனா பீவி, சின்னம்மா முறை, கல்யாணத் தரகர். ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அவர் கண்ணுக்குத் தப்பிய கல்யாண வயதுப் பிள்ளை கிடையாது. அவர் மானத்தை வாங்கியவன் மீரா முகைதீன். லத்தா பேட்டையில் லுங்கிக் கடை, தங்கமான குணம், முகம் மட்டும் சுவர். சந்தோஷமோ பல்வலியோ ஒரே முகம்தான். பெண் பார்க்கப் போன இடமெல்லாம், "மாப்பிள்ளைக்கு எங்க புள்ளயப் புடிக்கல போல" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அடுத்த பெண் மிங்கலாடோன் பேட்டை மெஹ்ரீன். அவள் படத்தைப் பார்த்ததும், "கட்டுனா இவங்களத்தான் மாமி" என்றான் முகைதீன், அதே முகத்தோடு. பெண் வீட்டாரோ முதலில் மாப்பிள்ளையின் வீடியோ கேட்டார்கள். சாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஒரு சினிமாக் குழு நடத்துகிறேன். அந்த வாரம் சோவியத் காலத்து மௌனப்படம் ஒன்றைப் போட்டேன். வீட்டில் கரண்ட் இல்லாததால், எங்கள் ஜெனரேட்டர் விசிறிக்காகச் சாச்சியும் வந்தார். திரையில் ஒரு விதவையின் முகம். அடுத்து காலிக் கிண்ணம். மறுபடி முகம், பசி தெரிந்தது. பிறகு செத்துப்போன மகனின் பூட்ஸ். மறுபடி அதே முகம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாச்சி என் விலாவில் இடித்தார்.

"டேய் நியாஸு, அந்தப் பொம்பள ஒண்ணுமே செய்யலடா! நடுவுல எதயோ ஒட்டி நம்மள அழ வைக்கிறானுவ."

உலகமெங்கும் சினிமாக்காரர்கள் இன்றுவரை சோறு தின்கிற வித்தை அது. விளக்கலாமென்று வாயைத் திறப்பதற்குள் சாச்சி எழுந்து போய்விட்டார்.

மறுநாள் முகைதீனை இழுத்துக்கொண்டு வந்தார். "இவன வெட்டி ஒட்டு." மகத்தான கலை என் அறையில் இப்படிச் சீரழிந்தது. முகம், மெஹ்ரீன் படம், முகம்: காதல். முகம், அவன் உம்மாவின் மருந்துப் பெட்டி, முகம்: பாசம். மீன்குழம்பு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தை வைத்தால் வெறும் பசிதான் தெரிந்தது, எடுத்துவிட்டோம். ஓட்டிப் பார்த்தபோது எனக்கே அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீடியோ போன அன்றே மெஹ்ரீன் சாச்சியைக் கூப்பிட்டாள்.

"மாமி, எல்லா எடத்துலயும் ஒரே மூஞ்சிதானே? ஒட்டிருக்கீங்க."

சாச்சிக்கு வேர்த்துவிட்டது. "அது வந்து புள்ள..."

"அவரயே வரச் சொல்லுங்க. நல்லாச் சிரிச்சு என்னய ஏமாத்துனவங்க போதும் மாமி. இவரு மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியல."

முகைதீன் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்குச் சந்தோஷம் என்பதை அவனிடமே கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.