ஸ்டாக் இல்லை

அந்த மருந்துச் சீட்டின் ஓரம் சாரலில் நனைந்திருந்தது. நான்கு மாதப் பெண் குழந்தை, எடை ஐந்தரைக் கிலோ, இடது இமைமேல் ரத்தக்குழாய்க் கட்டி என்று எழுதி, அதன் கீழே பெரியவர்கள் பிரஷருக்குப் போடும் மாத்திரையின் பெயர். பொடித்துப் பொட்டலங்களாகப் பிரித்துத் தர வேண்டும். பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும். குடிக்காவிட்டால் அந்த வேளைக்கு மருந்து கூடாது. தென்காசியில் இருபது வருஷமாக மருந்துக்கடை வைத்திருந்த எனக்கு, மருந்தைவிட அந்த விளக்கம்தான் உறுத்தியது. எந்த டாக்டர் காரணமெல்லாம் எழுதுகிறார்? இவ்வளவு எழுதுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். ஊருக்குப் புதிதாக வந்த சின்ன வயது டாக்டரம்மா வேறு.

யாரையும் சட்டென்று நம்பி எனக்குப் பழக்கமில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் சிரித்தால்கூட முதலில் எக்ஸ்பயரி தேதியைத்தான் பார்ப்பேன். ஆனால் டாக்டர் எழுதியதைத் தப்பென்று வாங்க வந்தவரிடம் சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. அதற்கென்று ஒரு மரியாதையான பொய் வைத்திருக்கிறோம். ஸ்டாக் இல்லை, வந்ததும் போன் பண்ணுகிறேன் என்றேன். பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் அந்தத் தகப்பன், வேறு கடையில் கேட்கட்டுமா என்றார். வேண்டாம், நம்ம கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நானே தடுத்தேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டதாக அன்று பெருமைகூடப் பட்டேன்.

இருபது நாள் கழித்து டாக்டரம்மாவே கடைக்கு வந்தார். குழந்தையைத் திரும்பக் காட்டியபோதுதான் மருந்தே கொடுக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குள் கட்டி பெருத்து இமையை மூடிவிட்டதாம். மருந்துப் பெட்டியில் அப்படி அச்சிட்டிருக்காவிட்டாலும் இந்தக் கட்டிக்கு இந்த மருந்து கேட்கும் என்றார். இதயத்தைச் சோதித்துவிட்டுத்தான் எழுதினாராம். கண் மூடியே கிடந்தால் பார்வை மழுங்கிவிடும் என்றும் சொன்னார்.

"சந்தேகம் வந்தா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா அண்ணாச்சி. எதுக்கு இல்லன்னு சொன்னீங்க?"

அன்றே பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். சில மாதங்களில் கட்டி வற்றியது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். தடித்த கண்ணாடி, இடது கண்ணில் பார்வை குறைவு. தகப்பன் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார், "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பிறரையும் அனுப்புகிறார். டாக்டரம்மா அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பார்வை குறைந்தது அந்த இருபது நாளால்தான் என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் எழுதும் சீட்டு எதிலும் இப்போது எனக்குச் சந்தேகம் வருவதில்லை. அந்த ஒரு பேச்சைத்தான் நம்ப முடியவில்லை.