மத்தியானம் வாடும் செடி

போன வாரம் கறிவேப்பிலைக் கன்று வாங்க ராமநாதபுரத்தில் ஒரு நர்சரிக்குப் போயிருந்தேன். பச்சை வலைக்குக் கீழே ஒரு ஹைட்ரேஞ்சியா தொட்டி. ஒரே ஒரு பூ, ஆனால் தேங்காய் அளவுக்கு உருண்டையாக. மணி பன்னிரண்டரை இருக்கும். இலையெல்லாம் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. உடனே தண்ணீர் மக் எங்கே என்று கண் தேடியது. யாருடைய செடியோ, எனக்கென்ன வந்தது? ஆனாலும் அந்தச் செடி மத்தியானத்தில் தொங்குவதைப் பார்க்கும் தைரியம் இன்றுவரை எனக்கு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

எங்கள் வீடு தேவிபட்டினத்தில். அண்ணன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கொடைக்கானலுக்கு அப்பால், பூம்பாறையில் இருக்கும் தூரத்துச் சொந்தத்தில் அவனுக்குப் பெண் எடுத்தார்கள். கல்யாணமாகி நாற்பதாவது நாள் அவன் விமானம் ஏறிவிட்டான். ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த பெண்ணைச் சித்திரை வெயிலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "பாத்துக்கங்க" என்று ஒருவன் போய்விட்டால் வீட்டிலிருப்பவர்கள் என்னதான் செய்வது?

மதினிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கருவாட்டு வாடை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் குழாயில் வரும் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. ஒரு நாள் கொல்லையில் நின்று அவள் அம்மாவிடம் போனில், "என்னால முடியலம்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றோடு வீட்டில் மூன்று பேருக்கும் நிம்மதி போயிற்று. மதினி சேலை மாற்றினாலே அம்மா வாசலுக்கு வந்து நின்றுகொள்வாள். ஆடிக்குப் பிறந்த வீடு போனவள் திரும்பி வரமாட்டாள் என்றே நினைத்தோம். எங்கள் அய்யா, பாவம், அந்த மாதம் முழுக்கத் தன் மளிகைக் கடையில் சீனி கேட்டவர்களுக்கு உப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

வந்துவிட்டாள். கையில் ஒரு சாக்குப் பை, அதற்குள் ஈர மண்ணோடு ஒரு ஹைட்ரேஞ்சியாச் செடி. பூம்பாறையில் இது வேலியோரத்தில் கேட்பாரற்றுப் பூக்குமாம். காலியான பெயிண்ட் வாளியில், கொல்லையின் வடக்குச் சுவர் நிழலில் நட்டாள். டீத்தூள் சக்கையும் மட்கிய வேப்பிலையும் போட்டாள்.

"இது பொழைச்சா நானும் இங்க பொழைச்சிருவேன் அத்தை" என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நாங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது நான் இரண்டு தெரு தள்ளி ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். சாப்பிட வீட்டுக்கு வருவேன். மதினி அந்த நேரம் தையல் வகுப்பில் இருப்பாள். முதல் நாள் கொல்லைப் பக்கம் போனால், செடி தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது. நல்ல தண்ணீரோ, நாலு குடம் வைக்கிற தள்ளுவண்டியோடு போய், வரிசையில் நின்று பிடித்து வருவது. அதில் முகம் கழுவினாலே வீட்டில் சண்டை வரும். அம்மா அசந்து தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு ஒரு செம்பு மோந்து ஊற்றினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் செடி நிமிர்ந்து நின்றது. நான்தான் காப்பாற்றினேன் என்று அப்படி ஒரு பெருமை. மறுநாளும் தொங்கியது. மறுநாளும் ஊற்றினேன்.

குடிதண்ணீர்க் குடம் சீக்கிரமே காலியாக ஆரம்பித்தது. "ஒனக்கு என்ன வயிறா, தொட்டியாடி?" என்று அம்மா என்னைத்தான் கேட்டாள். நான் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் இலை மஞ்சளாகித் தண்டு கறுத்தது. பள்ளியில் பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டும்போதும் மனசு கொல்லையில்தான் கிடந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி செடியை வாளியோடு கவிழ்த்தாள். வேர் பழுப்பாகக் குழைந்திருந்தது. அழுகிய நாற்றம்.

"யாரு தண்ணி ஊத்துனது?" என்றாள்.

அய்யா தொண்டையைச் செருமினார். "மத்தியானம் சாப்பிட வாரப்ப ஒரு செம்பு ஊத்துவேன்மா. வாடிக் கெடந்துச்சு."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நானும் சோறு வடிச்சுட்டு ஊத்துவேனே."

"நானுந்தான் மதினி" என்றேன்.

ஊரே தண்ணீருக்கு அலைகிற சீமையில், ஒரு செடியை மூன்று பேர் சேர்ந்து தண்ணீர் ஊற்றியே கொன்றிருந்தோம்.

"எதுக்கு அத்தை?" என்று கேட்டாள் மதினி.

"நீ போயிருவியோன்னு பயமா இருந்துச்சுத்தா" என்று சொல்லும்போதே அம்மா அழுதுவிட்டாள்.

மதினி மண் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. "மத்தியானம் அது அப்படித்தான் அத்தை தொங்கும். வெயில் எறங்குனா தானா நிமிந்துக்கும்" என்றாள். பிறகு மெல்ல, "நானுந்தான்" என்றாள்.

அப்புறம் ஆறு வருஷம் எங்களோடு இருந்தாள். கருவாட்டுக் குழம்பு வைக்கப் பழகினாள். பொன்னியும் குட்டியும் பிறந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து அண்ணன் விசா அனுப்பினான். தெருவுக்கெல்லாம் அம்மா இனிப்புக் கொடுத்தாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் வீடியோ கால் வரும். பிள்ளைகள் கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். "அடுத்த லீவுக்கு வாரோம் அத்தை" என்பாள் மதினி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. கால் முடிந்த பிறகும் அம்மாவும் அய்யாவும் போனைக் கீழே வைக்கமாட்டார்கள். தேவிபட்டினத்து வீட்டில் இப்போது, போய்விடுவாளோ என்று பயப்படும்படி யாரும் மிச்சமில்லை.

அவள் மலைக்குத் திரும்பிவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் பயந்த நாங்கள், அவள் நிஜமாகவே புறப்பட்ட அன்று பயப்படவே இல்லை. சந்தோஷமாக ஓடி ஓடி வேலை செய்தோம். துணி பிதுங்கிக்கொண்டு பெட்டி மூடவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடியது நான்தான்.