ஒட்டிப்போன விரல்

“…வலி பொறுக்க முடியல, அதான் விரல மடக்கலன்னு நானே சொல்லிக்கிடுதேன். நாலு பேரு முன்னால அவரு உங்களைத் திட்டுனா எனக்குத் தாங்காது. நீங்க உள்ள வந்து வாயத் தெறக்கக் கூடாது” என்றாள் என் மனைவி. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் கோபக்காரர் என்பது அந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

அவளை மடக்க விடாதவன் நான்.

கல்கத்தாவில் லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு தலைவிரித்தாடிய எழுபதுகள். லேக் மார்க்கெட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பலகாரக் கடை. ஒரு மத்தியானம் அரிக்கேன் விளக்கின் சிம்னிக்குள் கைவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி உடைந்து வலது ஆள்காட்டி விரலின் அடியை அறுத்துவிட்டது. நாம் எல்லாவற்றையும் நரம்பு என்றுதானே சொல்வோம்? அறுந்தது நரம்பில்லை, விரலை இழுத்து மடக்கும் கயிறு என்று இதே வங்காளி டாக்டர்தான் படம் போட்டுக் காட்டினார். தசைநாண் என்ற சொல்லைப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். தைத்தார். மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்து, மணிக்குப் பத்துத் தடவை இடது கையால் அந்த விரலைப் பிடித்து மெல்ல மடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

கைமுறுக்குக்காகத்தான் எங்கள் கடைக்கு ஆள் வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் மாவு தானாகப் புரண்டு ஓடுவது போலிருக்கும், அவள் சுற்றும்போது. விரல் அறுபட்டதற்கப்புறம் அச்சில் பிழிந்த முறுக்குதான், கடையை மூடும்வரை.

முதல் நாள் மடக்கியபோது அவள் போட்ட சத்தத்தில் நானே அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். தையல் பிய்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. மரஸ்கேலைப் பாதியாக ஒடித்து விரலோடு வைத்து, பழைய வேட்டித் துணியால் கட்டிவிட்டேன். டம்ளரைக்கூடப் பிடிக்க விடவில்லை. சோறு பிசைந்து ஊட்டினேன், தலை பின்னிவிட்டேன். மாடி வீட்டு வங்காளிப் பெரியம்மா, நாங்கள் மாஷிமா என்போம், அதைப் பார்த்துவிட்டுத் தன் கிழவரைக் கூப்பிட்டு, நாற்பது வருஷத்தில் ஒரு நாளாவது என் தலையைத் தொட்டிருக்கிறீரா என்று கேட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அவிழ்த்தால், விரல் நீட்டியபடி கட்டையாகக் கிடந்தது.

உள்ளே போனோம். டாக்டர் விரலைத் தொட்டுப் பார்த்தார். அடிப்பிடித்த சோறு மாதிரி, தைத்த கயிறு சுற்றியிருக்கிற சதையோடு ஒட்டிக்கொண்டுவிட்டதாம். ஏன் மடக்கவில்லை என்று கேட்டார். அவள் பாதி வங்காளத்தில், நினைத்து வந்ததையே சொன்னாள்.

அவர் திட்டவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மெல்லிய சிலிக்கோன் குச்சி. ஒட்டின கயிற்றை எடுத்துவிட்டு இதை விரலுக்குள் வைத்தால், மூன்று மாதத்தில் இதைச் சுற்றி வழவழவென்று ஓர் உறை வளரும். பிறகு இதை உருவிவிட்டு, மணிக்கட்டிலிருந்து வேறு கயிறு எடுத்து அந்த உறைக்குள் ஓட்டலாம், ஒட்டாது என்றார். ஆனால் அந்த மூன்று மாதமும் தினம் விரலை மடக்கியாக வேண்டும். அவரிடம் இருப்பது அந்த ஒரு குச்சிதான். ஹவுராவில் லேத் எந்திரம் ஓட்டுகிற ஒருவரும் இதே மாதிரி விரலோடு அதற்காகக் காத்திருந்தார்.

“வலி பொறுக்காத கைக்குள்ள இதை வெச்சு என்ன பிரயோஜனம்? நீயே சொல்லும்மா” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் அவள் என் காலை மிதித்தாள். அவள் மிதித்ததால்தான் பேசாமல் இருந்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். மிதிக்காவிட்டாலும் பேசியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

அவள் வலது கையை மேஜைமேல் வைத்தாள். அந்த விரலின் நுனியை இடது கையால் பிடித்து மடக்க ஆரம்பித்தாள். நெற்றி வேர்த்தது. சத்தம் வரவில்லை. விரல் ஒரு நெல்லளவு அசைந்திருக்கும். லேத்காரருக்கே இருக்கட்டும் என்று டாக்டர் பொட்டலத்தை உள்ளே வைத்து இழுப்பறையைப் பூட்டினார். அவள் நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.