நார்வே அகராதியை மாற்றிய காலை

காலை பத்தேகால் மணிக்கு என் மகளின் கணினித் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள் விழுந்தன. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை அது. நான் ஏற்றுமதிப் பிரிவில் பழைய ஆள். அவள் என் சிபாரிசில் தற்காலிகமாகச் சேர்ந்தவள். நிரந்தரமாக வேண்டுமானால் மானேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

நார்வேக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும் தோலை எப்படிப் பராமரிப்பது என்று அந்த நாட்டு மொழியில் ஒரு தாள் வைப்போம். வாங்குபவர்கள் ஃபேக்ஸில் அனுப்பும் மங்கலான எழுத்தைப் பார்த்து டைப் செய்வோம். எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. லினக்ஸ் கணினியில் எழுத்துப்பிழை பார்க்கும் நார்வே அகராதிதான் எங்களுக்குத் துணை. அதற்குத் தெரியாத சொல்லின் கீழே சிவப்புக் கோடு விழும். கோடு இல்லாத தாள் அச்சுக்குப் போகும்.

அன்று மகள் அகராதியின் புதிய பதிப்பை இறக்கி நிறுவினாள். பழைய கோப்பு போய், புதியது அந்த இடத்தில் உட்கார்ந்தது. உடனே கோடுகள்.

மானேஜர் வந்தார். "இன்னா மேடம், உங்க பொண்ணு மெஷினைக் கொன்னுட்டாளா? நேத்து வரைக்கும் நல்லா ஓடினு இருந்துச்சே!"

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகல சார்," என்றாள் மகள். "இதுக்கு முன்னாடி இருந்தவங்க, கோடு வந்தா அந்த வார்த்தையை அப்படியே அகராதிக்குள்ள சேத்துட்டிருக்காங்க. கோடு போய்டும். வார்த்தை சரியான்னு யாரும் பாக்கல. புது அகராதியில அதெல்லாம் இல்ல."

"அப்போ இத்தினி வருஷமா நாங்க கழுதை மேய்ச்சினு இருந்தோமா? எல்லாத்தையும் திரும்ப உள்ள போடு. சாயந்தரம் லாரி கிளம்புது."

"தப்புன்னு தெரிஞ்சு போட மாட்டேன் சார்."

"அப்போ நாளைலேர்ந்து வீட்ல உக்காந்து சரியான வார்த்தையா பேசினு இரு!"

கணக்குப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மா வேல வாங்கிக் குடுத்தாங்க, பொண்ணு நமக்கு வேல வைக்குது." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"சார், அவ சொல்றதை ஒரு தடவை பாருங்களேன்," என்றேன்.

"சும்மா இருங்க மேடம். உங்க வேலையையும் சேத்து பேஜார் பண்ணிக்காதீங்க."

மகளின் பக்கம் குனிந்தேன். "போட்டுடும்மா. யாரு படிக்கப் போறாங்க?"

"ஷூ வாங்கறவங்க படிப்பாங்கம்மா."

மானேஜர் அவளை எழுப்பிவிட்டு நாற்காலியில் தானே உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லாக அகராதியில் சேர்த்தார். ஒவ்வொன்றாகச் சிவப்பு மறைந்தது. "பாத்தியா, போய்ட்டுதா? இதுக்கு ஒரு படிப்பு!" மகள் சுவரோரம் நின்றாள். அழவில்லை.

மதியம் மானேஜர் பாதிச் சொற்களைச் சேர்த்திருந்தபோது, ஷூக்களை வாங்கும் கம்பெனியின் நார்வே அம்மாள், லாரியில் ஏற்றுமுன் அவற்றைச் சோதிக்கக் காரில் வந்து இறங்கினார். மானேஜர் சிரித்துக்கொண்டே எழப் போனார். அதற்குள் மகள் திரையைக் காட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்ல முடியுமா? சார் சிவப்புக் கோட்டை எடுத்த வார்த்தைங்க சரியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் குனிந்து மேலிருந்து கீழே படித்தார். பிறகு மானேஜரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்:

"இன்னும் கோடு இருப்பவையும் தவறு, நீங்கள் கோட்டை எடுத்தவையும் தவறு. உங்கள் தாளை எங்கள் கிடங்கில் குப்பையில் போட்டுவிட்டு வேறு தாள்தான் வைக்கிறோம். நீங்கள் எழுந்திருங்கள், இந்தப் பெண் உட்காரட்டும். நான் படிக்கிறேன், அவள் திருத்தட்டும்."