பூசையில் வைத்த நான்கு ஷாஃப்ட்

இப்போதெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறேன். இங்கிலாந்தில் ஒரு கம்பெனி கைமாறியதில் தொலைந்த தூக்கம் அது. மீட்டுக் கொடுத்தது என் மனைவியின் பக்தி.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். இன்று திரிங்காப் என்ற மலையூர்ப் பக்கம், தேயிலைக்கு மேலே உள்ள சரிவில் கோஸ் போடுகிறேன். அங்கிருந்து மூட்டைகளை ரோட்டில் நிற்கும் லோரிக்கு இறக்க, பழைய இங்கிலீஷ் ஜீப்பை விட்டால் வேறு வண்டி உதவாது. அறுபது வயதிலும் சேற்றில் ஏறும். ஆனால் பின்சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு மட்டும் அடிக்கடி முறியும். ஷாஃப்ட் என்போம். பக்கத்து நிலத்து அண்ணனிடமும் அதே ரக ஜீப்தான்.

போன வருடம் தானா ராத்தா டவுனில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, தவுக்கே, என்னை ஓரமாக அழைத்தார். இங்கிலாந்தில் இந்தச் சாமான் செய்கிற கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டதாம். பழைய மாடலுக்கு இனிமேல் செய்வார்களா என்பது சந்தேகமாம். கடையில் மிச்சமிருந்தவை நான்கு ஷாஃப்ட். நான்கையும் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் வேலியோரம் நின்று கேட்டார். "டவுனுக்குப் போனியே, என்னா சேதி?"

"ஒண்ணுமில்லண்ணே. ஆயில் வாங்கத்தான் போனேன்."

வாய் கூசாமல் வந்தது அந்தப் பொய்.

ஆயுத பூசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணனின் ஜீப்பில் ஷாஃப்ட் முறிந்தது. தவுக்கே கையை விரித்துவிட்டார். யார் வாங்கிப் போனது என்று மட்டும் சொல்லவில்லை, நல்ல மனிதர். முற்றிய கோஸ் வயலிலேயே வெடிக்கத் தொடங்கியது. என் வண்டியில் இரண்டு நடை இறக்கிக் கொடுத்துவிட்டு, ஏதோ பெரிய உபகாரம் செய்தவனைப் போல நின்றேன். "நெலத்த விட்டுட்டு ஈப்போவுல மக வூட்டுக்குப் போயிரலாம்னு பாக்குறேன்" என்றார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என் ஷாஃப்டும் முறிந்தால் என்ன செய்வது என்ற பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பூசையன்று கியா பார்ம் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். நான்கு ஷாஃப்டும் கழுவித் துடைத்து, விபூதிப் பட்டையும் குங்குமமுமாகப் பிள்ளையார் முன்னால் வரிசையாகக் கிடந்தன. வருடா வருடம் எங்கள் வீட்டுப் பூசைக்கு வருகிற அண்ணன் எதிரே கைகூப்பி நின்றார்.

"இவ்ளோ இரும்பு சாமான கட்டிலுக்கடியில போட்டு வச்சிருக்காருண்ணே. சாமிக்கு முன்னாடி வைக்க வேணாமா?" என்று மனைவி பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தீபாராதனை முடிந்ததும் அண்ணன் விபூதி பூசிக்கொண்டார்.

"அண்ணே, அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். ஒண்ண எடுத்துக்குங்க" என்றேன்.

"பூசையில வச்சத இன்னைக்குத் தொடக்கூடாது லா" என்றார். "நாளைக்கு வர்றேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆயுதங்கள் ஓய்வெடுக்கும் அந்த ஒரு நாளும் எனக்கு ஓய்வில்லை. மறுநாள் காலையில் வந்தார். சேற்றில் மல்லாந்து படுத்து நானே மாட்டிக் கொடுத்தேன். அவர் ஜீப் கோஸோடு முக்கி முனகி இறங்கிப் போனதும், அப்பாடா என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் போன் வந்தது. அண்ணன்தான், தவுக்கே கடையிலிருந்து.

"கம்பெனிய வாங்குன புது மொதலாளி பழைய மாடலுக்கும் சாமான் செய்யிறானாம். இப்பத்தான் பெட்டியப் பிரிக்கிறாங்க. ஒனக்கு எத்தன எடுத்து வைக்கச் சொல்லட்டும்?"

போனைக் காதில் வைத்தபடியே குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். என் வீட்டில் இன்னும் மூன்று இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.