சூடானால் மட்டும்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் உள்ள எங்கள் மளிகைக் கடையின் பழைய வேனைப் பத்து வருடங்களாக ஓட்டியவர் காசிம் அண்ணன். சென்ற ஆண்டு, சிக்னலில் நிற்கும்போதும் வேனின் எஞ்சின் உறுமத் தொடங்கியது. இயந்திரவியல் படித்த நான் காரணங்களை ஒரு தாளில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்துக் கோடு போட்டு அடித்தேன். கடைசியில் மிஞ்சியது எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திருகு மட்டும். ஏர்கான் நன்றாகக் குளிர, சில ஓட்டுநர்கள் அதைத் திருகிவிடுவதுண்டு.

"ஏர்கானுக்காக நீங்க திருகிட்டீங்களாண்ணே?" என்று அப்பாவின் முன்னாலேயே கேட்டேன்.

"நான் தொடவே இல்லம்மா. காலையில நல்லாத்தான் ஓடுது. புக்கிட் பாஞ்சாங் டெலிவரி முடிச்சு, சூடானாதான் கத்துது."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என் தாளைப் பார்த்தார்.

"படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும் லா," என்று வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார் காசிம் அண்ணன்.

மறுநாள் திருகைக் குறைத்தேன். காலையில் எஞ்சின் அணைந்து அணைந்து போனது. மதியம் சூடானதும் மறுபடி உறுமியது. அப்போதுதான் எஞ்சின் சூடாக இருக்கும்போதே தேடினேன். ஒரு ரப்பர் குழாயின் வெடிப்பு, சூட்டில் விரிந்து, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை விட்டு அதை உறுமவைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் ஆறியிருந்தபோது நான் பார்த்து, சரி என்று பட்டியலிலிருந்து அடித்த அதே குழாய்.

புக்கிட் மேராவில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்தார்.

"இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டுறேம்மா. ஏர்கான் நல்லாவே குளிருது," என்று சிரித்தார். கடைக்குத் திரும்பி வரவில்லை.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'சூடானாதான்' என்று அவர் சொன்னதை மட்டும் நான் அதில் எழுதிக்கொள்ளவே இல்லை.