முப்பத்தாறு என்று எழுதியவள்

என் நாத்தனாரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், சின்ன வயதில் வைத்த பட்டம்தான் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது: கட்டக்காரி. எந்த விஷயமானாலும் முதலில் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுவாள். குழாயில் எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று பன்னிரண்டு வயதிலேயே கட்டம் போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டியவள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்குத் தீராத பல்வலி. அதற்கும் கட்டம் போட்டாள். ஒரு வாரம் கழித்து, "அண்ணி, பாவம் நீங்க, சும்மா இனிப்பை விட்டிருக்கீங்க. உங்களுக்கு வலி இனிப்புல வரல, சூட்டுல வருது" என்றாள். அன்றைக்கே ஒரு மிட்டாயும் வாங்கிக் கொடுத்தாள். அப்போதே எனக்கு இவளைப் பிடித்துப்போய்விட்டது.

பதினான்கு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போயிற்று. வேலையை விட்டு வந்தவள் மூலையில் உட்காரவில்லை. உதவி நர்ஸாக இருப்பவர்கள் முழு நர்ஸாக ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு. அதில் பாதிப் பேர் மருந்தளவுக் கணக்கில்தான் தோற்பார்கள். அவர்களுக்குப் பாடத்தை வீடியோவாக எடுத்துப் போன் வழியாகச் சொல்லித்தர ஆரம்பித்தாள். என் தையல் மிஷின் இருந்த பின்னறை அவளுக்கு வகுப்பறை ஆனது. சத்தம் வராமலிருக்கக் கதவில் ஒரு பழைய ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டாள். அவள் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் நான் கூடத்தில் மிஷினை நிறுத்த வேண்டும். மறுபடி இரண்டு தட்டினால் மிதிக்கலாம்.

பழைய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸம்மா இவளை நம்பி முப்பத்தெட்டுப் பெண்களை அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனை. எட்டு வாரம் முடிந்ததும் எத்தனை பேர் ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்று ரிப்போர்ட் தர வேண்டும். முப்பது பேராவது நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடத்துப் பெண்களெல்லாம் பெரிய கோச்சிங் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். இவளிடம் வேறு ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. பின்னறையின் உயிர் அந்த முப்பதில் இருந்தது.

பாடம் ஓடும் ஆப்பில் யார் எப்போது பார்த்தார்கள், எந்த நிமிடத்தில் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் தெரியும். மற்ற டீச்சர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்களாம். இவள் அதை அப்படியே தாளில் இறக்கினாள். இரண்டாவது வாரமே ஒன்று கண்டுபிடித்தாள். நாற்பது நிமிடப் பாடத்தை எல்லோரும் பன்னிரண்டாவது நிமிடத்தில் மூடியிருந்தார்கள்.

"உன் மூஞ்சியை அதுக்கு மேல பாக்க முடியலையோ என்னவோ" என்றார் என் வீட்டுக்காரர்.

"டியூட்டி மாத்துறப்ப கிடைக்கிற நேரம் அவ்வளவுதாண்ணா. நானே நின்னிருக்கேனே அங்க."

அன்றோடு ஒரு பாடம் நான்கு துண்டாயிற்று. காலையில் போட்டுக்கொண்டிருந்த பாடத்தை மதியம் டியூட்டி முடியும் வேளைக்கு மாற்றினாள். பார்ப்பவர்கள் முழுசாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்காத தையல்காரி மாதிரி அவள் வேலை செய்வதை நான் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஏழாவது வாரம் ஒருநாள் மிஷினை மிதிக்கலாம் என்ற தட்டு வரவே இல்லை. ரஜாயை விலக்கிப் பார்த்தேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, இருபத்தொரு பேருதான் பாக்கறாங்க. பதினேழு பேரு மூணு வாரமா பாடத்தைத் தொறக்கவே இல்ல. கண்டிச்சு மெசேஜ் போட்டேன். 'சரி டீச்சர்'னு பதில் வருது. ஆனா ஒருத்தியும் வரல."

ரிப்போர்ட்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் சுலபமாக வழி சொன்னார். "கட்டம் போடறது நீ. டிக் அடிக்கிறதும் நீ. ஒம்பது டிக் கூட அடிச்சா எவன் வந்து எண்ணப் போறான்?"

"தப்பான டிக்கு அடிச்சா வார்டுல ஆள் செத்துப்போவாங்கண்ணா" என்றாள். நான் அவளுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த உதவி அதுதான்.

மறுநாள் அவள் சனிக்கிழமைதோறும் போனிலேயே வைக்கும் பரீட்சைகளின் விடைகளை எடுத்து வைத்தாள். அங்கேதான் விசித்திரம். பாடமே பார்க்காத பதினேழு பேரில் பதினைந்து பேர் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். அதுவும் மற்றவர்களைவிட நல்ல மார்க்கு.

"அப்ப காப்பிதான்" என்றார் என் வீட்டுக்காரர். "இதுல என்ன ஆராய்ச்சி?"

அவள் மதியம் வரை விடைகளை அடுக்கி அடுக்கிப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்தாள். "காப்பி அடிச்சா தப்பும் ஒரே தப்பா இருக்கும்ல அண்ணி? இங்க ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு இடத்துல தப்பு பண்ணியிருக்கா. தானா யோசிச்சு எழுதுனவங்கதான் இப்படித் தப்பு பண்ண முடியும்." ஒருவருடைய தப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட வாத்தியாரை நான் கண்டதில்லை.

அப்படியானால் எங்கே படிக்கிறார்கள்? கட்டத்தில் இன்னொரு மூலையில் மூன்று பேர் இருந்தார்கள். பத்து நிமிடப் பாடத்தை நாற்பது நிமிடம் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்கள். 'மெதுவாகப் படிப்பவர்கள்' என்று தலைப்புப் போட்டு அவர்களுக்குத் தனியாக எளிய பாடம் வேறு அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த மூவரில் ஒருத்தியைக் கூப்பிட்டாள். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பேசுகிறவள் என்பதால் போனை ஸ்பீக்கரில்தான் போடுவாள்.

"ஏம்மா, பாடம் கஷ்டமா இருக்கா? நாப்பது நிமிஷம் ஆகுதே உனக்கு?"

போனில் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது: "சொல்லிடாதடி. வெளிய அனுப்பிடுவாங்க."

"யாரும்மா கூட?"

"யாருமில்ல டீச்சர்."

"யாருமில்லாதவங்களுக்குக் குரல் நல்லா கணீர்னு இருக்கே."

யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், குட்டு உடைந்தது. அவர்களுடைய ஆஸ்பத்திரி விடுதி அறைகளில் மூன்று வாரமாகவே சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. பரீட்சைக்கு எழுத்து மட்டும் வந்தால் போதும், எப்படியோ எழுதிவிடலாம். பாடம் ஓட வேண்டுமானால் மாடிப்படித் திருப்பத்து ஜன்னல்தான் கதி. ஜன்னலுக்கு ஒரு போன்தான் நிற்கும். அதனால் ஒரு போனைச் சுற்றி ஆறு பேர்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

"நீங்கதான டீச்சர் ரூல்ஸ்ல போட்டிருந்தீங்க, ஒருத்தர் பாடத்தை இன்னொருத்தருக்குக் காட்டினா பேரை எடுத்துடுவோம்னு."

என் நாத்தனார் முகம் சிவந்துவிட்டது. உண்மைதான். ஆரம்பிக்கும்போது, பெரிய கம்பெனிகளின் விதிகளைப் பார்த்து, கௌரவமாக இருக்கட்டுமே என்று அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். கடைக் கண்ணாடியில் தொங்கும் சட்டையின் அளவுக்கு நம் ஆளுக்குத் தைத்த கதை.

அடுத்த நாள் மதியம் அவளோடு நானும் விடுதிக்குப் போனேன். அவளால் பை தூக்க முடியாது. படியேறும்போதே சண்டைச் சத்தம். எனக்குப் பயமாகிவிட்டது. அவள் உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினாள். திருப்பத்தில் யூனிபாரத்தோடு ஆறு பெண்கள், படிக்கு இரண்டு பேராக. ஜன்னல் கட்டையில் ஒரு டம்ளர், டம்ளருக்குள் போன். போனில் என் நாத்தனார் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றாள்.

"அஞ்சு மில்லில ஐநூறு மில்லிகிராம் மருந்து இருக்கு. நமக்கு இருநூறுதான் வேணும். அப்ப ரெண்டு மில்லிடி, மக்கு!"

"உன் பாட்டுக்கு ரெண்டுன்னா எப்படி? எப்படி வந்துச்சுன்னு காட்டு."

ஒருத்தி கைப்பையிலிருந்து ஐந்து பாட்டில் மூடிகளை எடுத்துப் படியில் வைத்தாள். ஐநூறை ஐந்து மூடிக்கும் பிரித்தாள். மூடிக்கு நூறு. இரண்டு மூடியை எடுத்து எதிரிலிருந்தவள் கையில் வைத்தாள். "இந்தா, உன் இருநூறு. குடிச்சுக்கோ." எனக்கே புரிந்துவிட்டது. ஐந்தாவது வரை படித்த எனக்கு மருந்துக் கணக்கு புரியும் என்று யார் நினைத்தார்கள்!

என் நாத்தனார் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து அந்த மூடிகளைத் தன் நோட்டில் வரைந்துகொண்டாள். அப்போதுதான் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு பேரும் துள்ளி எழுந்தார்கள். மூடிகள் படிப்படியாக உருண்டு எங்கள் காலடிக்கு வந்தன.

"உக்காருங்கம்மா" என்றாள். "அந்த ரூல் தப்பு. எழுதுன நான்தான் தப்பு. பாடத்துக்கு வரலைன்னு உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்குங்க."

மூன்று மாடி, மூன்று ஜன்னல். மூன்றிலும் ஏறினாள். நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பிடிக்கப் போனால், "பையைப் பாருங்க அண்ணி" என்றாள். அந்த மூவரும் கூடப் பார்த்த பதினைந்து பேருமாக, ஜன்னலுக்கு ஆறு என்று பதினெட்டுப் பேரும் அவளுடைய தாளில் அவரவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு பேரைப் பற்றி விசாரித்தாள். ஒருத்தி அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டாள். இன்னொருத்தியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

"முப்பத்தாறு கிடைச்சாச்சுல்ல, இனி என்ன?" என்றார் என் வீட்டுக்காரர் வீட்டில். "பாக்க அழகா முப்பத்தெட்டுன்னே போட்டுடேன்." அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே எழுந்து தண்ணீர் மோட்டாரை ரிப்பேர் பண்ணப் போய்விட்டார்.

ரிப்போர்ட் கொடுக்கும் நாளில் நான் தலைமை நர்ஸம்மாவின் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதிதான் சாத்தியிருந்தது.

"உங்க ஆப்ல இருபத்தொண்ணுன்னு வருது. நீங்க முப்பத்தாறுன்னு எழுதியிருக்கீங்க. நான் எதை நம்பறது?"

"ஆப்பு போனைத்தான் எண்ணுது மேடம். நான் ஆளை எண்ணினேன். இது கையெழுத்து, இது பரீட்சைத் தாள்."

தாள் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வாய்க்குள் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இந்த ரெண்டு பேரு?"

"ஒருத்தி வீட்டுக் கஷ்டத்துல நின்னுட்டா. இன்னொருத்தி ஏன் நின்னான்னு எனக்குத் தெரியல மேடம். அஞ்சு தடவை கூப்பிட்டேன், எடுக்கல. அதான் 'தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கேன்."

"இருபத்தஞ்சு வருஷமா ரிப்போர்ட் வாங்கறேன். எல்லாரும் முழுசாத்தான் கொண்டு வருவாங்க. ஒருத்தரும் 'தெரியவில்லை'ன்னு எழுதினதில்ல. இந்த ரெண்டு பேருக்காகவே அந்த முப்பத்தாறை நம்பறேன். அடுத்த வருஷம் அறுபது பேரு. உங்களால முடியுமா?"

வெளியே வந்தவள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அந்த விதி இல்லை. ஒவ்வொரு பாடத்திலும், படியில் சண்டை வந்த இடங்களிலெல்லாம் அவளே நிறுத்தி, "இங்க கொஞ்சம் சண்டை போட்டுட்டு வாங்க" என்கிறாள். அறுபது பேருக்கும் சேர்க்கைத் தாள் அடித்தபோது என்னிடம்தான் முதலில் காட்டினாள். பெயருக்கும் போன் நம்பருக்கும் அடுத்து, பெரிதாக ஒரு கட்டம். அதற்கு மேல் எழுதியிருந்தது: 'நீங்கள் யார் யாரோடு சேர்ந்து பார்ப்பீர்கள்?'

ஆறு பெயர் எழுத இடம் விட்டிருந்தாள். ஐந்து தடவை கூப்பிட்டும் போனை எடுக்காத அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாளைத் தபாலில் அனுப்பியிருக்கிறாள்.